ஷெல் ஷாக்கும் இரண்டு மில்லிஆம்பியரும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் பேட் பார்க்கரின் 'ரீஜெனரேஷன்' நாவலைப் பற்றிப் பேசினோம். அதில் வரும் யெலண்ட், ரிவர்ஸ் என்ற இரண்டு டாக்டர்களும் கற்பனையா என்று ஒரு அக்கா கேட்டார். இரண்டு பேருமே வாழ்ந்தவர்கள்தான். நான் நர்சிங் டிப்ளமோ படித்தவள், வரலாற்று ஆய்வாளர் இல்லை. ஆனால் நான் வேலை செய்யும் லண்டனில்தான் இந்தக் கதையின் ஒரு பாதி நடந்தது.

1915 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். பக்கத்தில் குண்டு விழுந்தபின் அவர்களுடைய பார்வையும் நினைவும் பாதிக்கப்பட்டிருந்தன. அதற்கு 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை அவர் பயன்படுத்தினார். ஷெல் என்றால் என்னவென்று இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்து, வன்னி நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லூயிஸ் யெலண்ட் கனடாவிலிருந்து வந்தவர். லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1918-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் 24 வயதுச் சிப்பாய் ஒருவரைப் பற்றிய பதிவு இருக்கிறது. பல சண்டைகளில் நின்றவர். கடைசியில் பேச்சு போய்விட்டது. யெலண்ட் அவரை இருட்டாக்கிய அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைப் பூட்டுகிறார். பேசும்வரை வெளியே போக முடியாது என்கிறார். தொண்டையின் உட்புறத்தில் மின்சாரம் வைக்கிறார். முதல் அதிர்ச்சியிலேயே நோயாளி பின்னால் துள்ளி விழ, கம்பிகள் கழன்றுவிடுகின்றன. நான்கு மணி நேரம் போல இது நடக்கிறது. முடிவில் அவர் பேசுகிறார். யெலண்ட் அதை வெற்றியாகத்தான் எழுதியிருக்கிறார். நீ என்ன பார்த்தாய் என்ற கேள்விக்கு அந்த அறையில் இடமே இல்லை.

அவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் 1916-இல் ஃப்ரிட்ஸ் காஃப்மன் இதே போன்ற முறையைப் பரப்பினார். வியன்னாவில் 1920-இல் வாக்னர் யவுரெக் மீது இதற்காகவே விசாரணை நடந்தது. ஃப்ராய்ட் நிபுணராக வந்து கருத்துச் சொன்னார். குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

இனி ரிவர்ஸ். இவருடைய பெயர் நம் ஊர்ப் பக்கமும் வரும். 1901-02-இல் நீலகிரியில் தோடர்களோடு இருந்து தகவல் சேகரித்து, 1906-இல் 'தி தோடாஸ்' என்ற பெரிய நூலை எழுதியவர் இவர்தான். கேட்டுக் கேட்டு எழுதிப் பழகிய மனிதர். போர்க் காலத்தில் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் வேலை செய்தார். கவிஞர் சசூன் 1917-இல் அங்கேதான் அவருடைய நோயாளியாக இருந்தார். ஒன்றை மறக்கக் கூடாது: அது அதிகாரிகளுக்கான மருத்துவமனை. அதிகாரிக்குப் பேச்சு, சிப்பாய்க்குக் கரண்ட் என்ற பிரிவினை அன்றைக்குப் பல இடங்களில் இருந்தது.

நடந்ததை மறந்துவிடு என்பதுதான் அன்றைய பொதுவான புத்திமதி. அது நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் சொன்னார். ஓர் அதிகாரி தன் நண்பனின் சிதறிய உடலைத் தேடிக் கண்டவர். இரவெல்லாம் அதே கனவு. அந்த உடல் இருந்த நிலையே நண்பன் வலி தெரியாமல் உடனே இறந்திருக்க வேண்டும் என்பதற்குச் சாட்சி இல்லையா என்று ரிவர்ஸ் கேட்டார். அவர் முகம் தெளிந்தது. பிறகு வந்த கனவில் அவர் நண்பனின் பக்கத்தில் முழங்காலிட்டு, வீட்டாருக்கு அனுப்பப் பொருட்களை எடுத்தார். இன்னொருவரின் நினைவில் அப்படிப் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. அவருக்குத் தன் முறை உதவவில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதினார்.

பிடிஎஸ்டி என்ற பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. அதையொட்டிய ஆண்டுகளில் எட்னா ஃபோவா எக்ஸ்போஷர் தெரபியை ஒழுங்கான முறையாக வகுத்தார். நோயாளி பயிற்சி பெற்றவரின் துணையோடு, இப்போது நடப்பதைப் போல அந்த நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த ஒலிப்பதிவை வீட்டில் கேட்பார். நினைவு அழிவதில்லை. அது முடிந்துபோனது, இப்போது ஆபத்தில்லை என்று மூளை புதிதாகக் கற்கிறது. கடினமான வேலை, பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய.

மின்சாரம் திரும்ப வருவது இங்கேதான். அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. 54 முன்னாள் படைவீரர்கள். கண்ணில் மெய்நிகர் கருவி, அதில் போர்க்களக் காட்சிகள். அதைப் பார்க்கும் 25 நிமிடமும் தலையில் 2 மில்லிஆம்பியர் மின்சாரம். இரண்டு மூன்று வாரங்களில் ஆறு தடவை. நெற்றிக்குப் பின்னால், பயத்தை அடக்கக் கற்கும் பகுதிதான் இலக்கு. இந்த மின்சாரம் யாரையும் துள்ள வைக்காது. தோலில் லேசாகக் குறுகுறுக்கும். ஒரு பகுதியினருக்குப் பொய் இணைப்பு. ஒரு மாதம் கழித்து, உண்மையான மின்சாரம் பெற்றவர்கள் தங்களுக்குக் கூடுதலாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். நாளைக்கே மருத்துவமனைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கிற சிகிச்சை இல்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யெலண்டின் கம்பியும் ரிவர்ஸின் நாற்காலியும் நூறு வருடம் கழித்து ஒரே அறைக்கு வந்திருக்கின்றன. இந்த முறை கதவு பூட்டப்படவில்லை. சம்மதித்தவர்தான் உட்கார்ந்திருக்கிறார், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம்.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் 5 இரவு. இங்கே அன்று வாணவேடிக்கை. வார்டில் ஈழத்துப் பெரியவர் ஒருவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தார். "பிள்ளை, லைட்டை நூருங்கோ" என்றார். நான் நாகர்கோவில்காரி. 'நூர்' என்றால் அணை என்று எனக்குத் தெரியாது. இருட்டில் பயப்படுகிறார் என்று நினைத்து எல்லா விளக்கையும் போட்டேன். அவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். டாக்டர் எழுதியிருந்த மாத்திரையைக் கொடுத்தேன். 'அமைதியற்று இருந்தார்' என்று குறிப்பில் எழுதினேன்.

எக்ஸ்போஷர் தெரபி இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் செய்யும் வேலை இல்லை. ஆனால், "என்ன சொல்றீங்க ஐயா, எனக்குப் புரியலையே" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு கருவியும் தேவைப்பட்டிருக்காது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.