பல்கலைக்கழக நூலக இணையச் சேவைகள்

பல்கலைக்கழக நூலக இணையச் சேவைகள் என்பன, ஒரு பல்கலைக்கழக நூலகம் தனது நூற்பட்டியல், ஆய்வேடுகள், சந்தா செலுத்திப் பெறும் மின்னிதழ்கள் முதலியவற்றை இணையம் வழியே தேடவும் படிக்கவும் தரும் ஏற்பாடுகள் ஆகும். நூலகத்தின் இணையவழிப் பட்டியல், ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'ஓபாக்' என வழங்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் இச்சேவைகளைத் திட்டமிடும்போது இரு வினாக்கள் எழுகின்றன. இச்சேவைகளை யார் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. தமிழில் தேடினால் இருக்கும் நூல் கிடைக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் விளக்க நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம் நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது.

இணைவுக் கல்லூரிகளும் பல்கலைக்கழக நூலகமும்

குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு எதிரே அமைந்துள்ள விசைத்தறி நகரம். இங்கு கல்லூரிகள் பல உள்ளன. கலை, அறிவியல் கல்லூரிகள் சேலத்தில் 1997 இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்துடனும், பொறியியல் கல்லூரிகள் சென்னையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துடனும் இணைவு பெற்றவை. மாணவரின் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயரே இருக்கும். ஆனால் அப்பல்கலைக்கழகம் சந்தா செலுத்தும் மின்னிதழ்களை அவர் பொதுவாகப் படிக்க இயலாது.

இதற்குக் காரணம் உரிம ஒப்பந்தங்களின் அமைப்பாகும். பதிப்பகங்கள் பெரும்பாலும் வளாகத்தின் ஐபி முகவரிகளைக் கொண்டே அனுமதி அளிக்கின்றன. வளாகத்திற்கு வெளியே இருக்கும் சொந்த மாணவர், ஆசிரியர்களுக்குப் பதிலி வழங்கி மூலமாகவோ, இன்ஃப்ளிப்நெட் நடுவம் நடத்தும் 'இன்ஃபெட்' என்னும் கூட்டு நுழைவு முறை மூலமாகவோ வழி செய்யலாம். இணைவுக் கல்லூரி மாணவர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. இது தொழில்நுட்பத் தடை அன்று. கடவுச்சொல் வழங்க எந்த மென்பொருளாலும் முடியும். ஒப்பந்தம் அதற்கு இடம் தருவதில்லை.

2025 சனவரி 1 அன்று தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அடங்கும். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்காகவே இது வகுக்கப்பட்டது. ஆகவே குமாரபாளையத்தின் அரசு கலை அறிவியல் கல்லூரி இதன் வரையறைக்குள் வருகின்றது. அதே ஊரின் சுயநிதிக் கல்லூரிகள் வருவதில்லை. சந்தா இதழ்களைப் பொறுத்தவரை ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், இரு வகை மாணவர்கள் இருக்கின்றனர் எனலாம்.

எனவே இணைவுக் கல்லூரிகளையும் கருதித் திட்டமிடும் பல்கலைக்கழக நூலகம், எவருடைய அனுமதியும் தேவைப்படாதவற்றை முதலில் திறப்பதே பொருத்தமானது. நூற்பட்டியல் அவற்றுள் முதன்மையானது. ஆய்வேடுகள் அடுத்தவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அவை இன்ஃப்ளிப்நெட்டின் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் அனைவருக்கும் திறந்துள்ளன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் ஆகியவை உள்ளன. இவற்றைத் தன் தேடற் பெட்டியிலிருந்தே எட்டச் செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று.

தமிழில் தேடல்

நூல் அடுக்கில் இருந்தும் தேடலில் அகப்படாமல் போவது தமிழ்ப் பட்டியல்களின் பழைய நோய். 'குமாரபாளையம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் இது 'கொமாரபாளையம்'. ஆங்கிலத்திலும் இரு எழுத்துக்கூட்டல்கள் வழங்குகின்றன. இதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. 'குமாரபாளையத்தில் விசைத்தறித் தொழில்' என்று ஓர் ஆய்வேட்டின் தலைப்பு இருப்பதாகக் கொண்டால், 'குமாரபாளையம்' எனத் தேடுபவருக்கு அது கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது இறுதி மகரம் கெட்டு அத்துச்சாரியை வருவதால், முழுச்சொல் ஒப்பீடு, முன்னொட்டு ஒப்பீடு இரண்டுமே தோற்கின்றன. இதற்குச் சொல்லின் அடியைப் பிரிக்கும் நிரல் தேவை. ஸ்னோபால் என்னும் கட்டற்ற நிரல்தொகுதியின் 2.0 பதிப்பில் (2019) தமிழுக்கான அடிபிரிப்பான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒவ்வொரு நூலகமும் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது இல்லாமல் இருக்க வேண்டும். பெரும்பாலானவை இல்லாமலே இருந்தன.

குறியேற்றச் சிக்கல் இதனினும் நுட்பமானது. 'கொ' என்ற எழுத்தில் வரும் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரு வேறு சரங்கள். ஒருங்குறியின் இயல்பாக்க விதியைப் பயன்படுத்தினால் இது தீர்ந்துவிடும். ஆனால் 'ஔவையார்' என்பதில் முதலெழுத்தை 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். தட்டச்சுப் பிழைதானே என ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இது பரவலாகக் காணப்படுகின்றது.

ஒருங்குறி பரவுவதற்கு முன் டாம், டாப், தகுதரம் முதலிய குறியேற்றங்களிலும், நிறுவனங்களின் சொந்த எழுத்துருக்களிலும் பதிவுகள் உள்ளிடப்பட்டன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010 இல்தான். ரோமன் எழுத்துக்களில் மட்டும் தமிழ்த் தலைப்புகளைப் பதிந்த நூலகங்களும் உள்ளன. ரோமன் பதிவுகளைத் தமிழுக்கு மீட்பது எளிதன்று. மேற்குறிகள் இன்றி எழுதப்பட்டிருந்தால் லகர, ளகர, ழகர வேறுபாடுகள் மறைந்திருக்கும். இங்கு நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. திட்ட மதிப்பீடுகளில் பெரும்பாலும் விடுபடும் செலவு இதுவே.

ஆசிரியர் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ரங்கநாதன், இரங்கநாதன், அரங்கநாதன் ஆகிய மூன்றும் ஒருவரையே சுட்டக்கூடும். தலைப்பெழுத்து முன்னே வருமா பின்னே வருமா என்பதும் நூலகத்திற்கு நூலகம் மாறும். எல்லா வடிவங்களையும் ஒரே ஆளுடன் பிணைக்கும் பெயர் ஆவணம் ஒன்றைப் பேணுவதே தீர்வு.

கூறுவழித் தேடல்

தற்கால நூலகத் தேடுபக்கங்களில் முடிவுகளின் ஓரத்தில் பொருள், இடம், காலம், மொழி என வடிகட்டும் பட்டியல் காணப்படும். இதன் வேர் தமிழ்நாட்டுடன் தொடர்புடையது. சீர்காழியைச் சேர்ந்த சீ. இரா. அரங்கநாதன் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். 1933 இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் கூறுகளாகப் பிரித்துப் பின் கோத்தது. குமாரபாளையத்து விசைத்தறி பற்றிய நூலை அவர் முறைப்படி பார்த்தால் துணி, பருத்தி, நெசவு, இடம், காலம் எனக் கூறுகள் கிடைக்கும். எக்கூற்றிலிருந்தும் தேடி வரலாம். அடுக்கில் ஒரு நூலை ஓரிடத்தில்தான் வைக்க முடியும் என்பதால் அன்று அதன் முழுப் பயனும் கிட்டவில்லை. இணையப் பட்டியலில் அத்தடை இல்லை.

மென்பொருள்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்ஃப்ளிப்நெட் உருவாக்கிய 'சோல்' மென்பொருள் பரவலாக உள்ளது. கட்டற்ற மென்பொருளான கோஹா, நியூசிலாந்தின் நூலகம் ஒன்றில் 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். ஆய்வேட்டுக் களஞ்சியங்களுக்கு டிஸ்பேஸ் (2002) பயன்படுகின்றது. வில்லனோவா பல்கலைக்கழகம் உருவாக்கிய வியூஃபைண்ட், பழைய பட்டியல் மென்பொருளை மாற்றாமலே அதன் மேல் கூறுவழித் தேடலை அமைக்க உதவுகின்றது. மூலநிரல் திறந்திருப்பதால் மேற்கூறிய தமிழ் விதிகளை இவற்றில் நூலகமே சேர்த்துக்கொள்ள முடியும்.

எந்த மென்பொருளைத் தெரிந்தாலும், விடை ஏதும் கிடைக்காத தேடல்களின் பதிவைச் சேமித்து மாதந்தோறும் படிப்பது பயனுள்ளது. பயனர் 'பவர்லூம்' எனத் தேடி, பட்டியலில் 'விசைத்தறி' என்று மட்டுமே இருப்பது அப்பதிவில்தான் தெரியவரும்.