தூக்கத்தைத் திருடிய மாத்திரை: சியாபுவின் வரலாறு

மாணவர்களே, தேர்வு நெருங்கும் நேரத்தில், "இத ஒரு தடவ போட்டுப் பாரு, ராத்திரி முழுக்கத் தூக்கமே வராது, நல்லா படிக்கலாம்" என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். இந்தப் பேச்சு புதுசு இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பலர் நம்பி ஏமாந்த பேச்சு.

சியாபு, ஐஸ் என்று நாம் கேள்விப்படும் பொருளின் வேதியியல் பெயர் மெத்தம்பெட்டமின். 1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி, எஃபிட்ரின் என்ற மூலிகைச் சத்திலிருந்து இதை உருவாக்கினார். 1919இல் அகிரா ஒகாட்டா இதைப் பளிங்கு வடிவில் எடுத்தார். அப்போது இதை யாரும் நஞ்சாகப் பார்க்கவில்லை.

1938இல் ஜெர்மனியில் இது 'பெர்விட்டின்' என்ற மாத்திரையாகக் கடைக்கு வந்தது. களைப்பு நீங்கும் என்று நம்பிப் பொதுமக்கள் வாங்கினார்கள். 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜெர்மானியப் படைகளுக்கு 35 மில்லியனுக்கும் மேற்பட்ட ஊக்க மாத்திரைகள் அனுப்பப்பட்டன. விழித்திருந்த வீரர்கள் பிறகு சோர்ந்து விழுந்தார்கள், சிலர் அடிமையானார்கள். 1941இல் அந்த நாடே அதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஜப்பானில் இதன் பெயர் 'ஹிரோப்பொன்'. 'உழைப்பை நேசிப்பது' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர் முடிந்ததும் மிஞ்சிய கையிருப்பு சந்தைக்குள் புகுந்தது. இளைஞர்களும் இரவு வேலை செய்தவர்களும் அதில் சிக்கினார்கள். 1951இல் தடைச் சட்டம் வந்தது. ஆனாலும், 1954இல் மட்டும் சுமார் 55,000 பேர் கைதானார்கள். சட்டம் வருவதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டிய பாடம். 1971இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை இதை உலக அளவில் கட்டுப்படுத்தியது.

உடலில் என்ன நடக்கிறது? மூளையில் டோபமின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தூக்கமும் பசியும் போய்விடும். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் மூன்றும் ஏறும். மருந்தின் வேகம் தணிந்ததும் கடும் சோர்வும் மனச்சோர்வும் வரும். அதைப் போக்க மறுபடியும் அதையே தேடத் தோன்றும். நாளடைவில் ஞாபக மறதி, பல் சிதைவு, காரணமில்லாத சந்தேகம், இல்லாத குரல்கள் கேட்பது என்று நிலைமை மோசமாகும். படிப்பதற்காக எடுத்தது, படித்ததையே மறக்க வைக்கும்.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டு போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழும் இது கடுங்குற்றம். கடத்தினால் மரண தண்டனை வரை போகலாம்.

ஆகவே, மாணவர்களே, தூக்கம் வந்தால் தூங்குங்கள். படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். நண்பர் யாராவது இதில் மாட்டிக்கொண்டால், மறைக்காமல் நம்பிக்கையான ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது அல்ல, காப்பாற்றுவது.

சிந்திக்க: மருந்தாக வந்த ஒரு பொருள் நஞ்சாக மாறியதற்கு யார் யார் பொறுப்பு? காரணங்களுடன் எழுதுக.