இடைச்செருகலும் உரையும்: தில்லிச் சந்தையும் 'மோட்' மரபும்

தில்லியின் கணினி விளையாட்டு வரலாற்றை எழுத முற்படுவோர் இரண்டு சந்தைகளைத் தவிர்க்க இயலாது. ஒன்று, கன்னாட் பிளேஸில் தரைக்கு அடியில் அமைந்த பாலிகா பஜார். மற்றொன்று, தென் தில்லியின் நேரு பிளேஸ். உரிமம் பெற்ற விளையாட்டுகள் விலை மிகுந்து, அரிதாகக் கிடைத்த காலத்தில், பலருக்கும் அவை அறிமுகமானது இங்கு விற்ற நகல் குறுந்தகடுகளின் வழியாகவே. இத்தகைய நகலெடுப்பு நவீன நகரத்திற்குப் புறம்பானது அன்று, அதன் இயல்பான பகுதியே என்பதை ரவி சுந்தரம் 2009-இல் வெளிவந்த 'பைரேட் மாடர்னிட்டி' நூலில் தில்லியைக் கொண்டே விளக்கினார்.

இச்சந்தை நகலை மட்டுமன்றி மாற்றத்தையும் விற்றது. பிளேஸ்டேஷன் கருவிக்குள் ஒரு சில்லு பற்றவைக்கப்பட்டால், அது நகல் வட்டுகளையும் ஏற்கும். கணினி நகல்களிலோ பாதுகாப்புப் பூட்டு உடைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் இடம் மிச்சப்படுத்தக் காணொளிகளும் நீக்கப்பட்டிருக்கும். மாற்றியவர் யார், எதை மாற்றினார் என்பதை வாங்கியவர் அறியார். மூலத்திற்குத் திரும்பவும் வழியில்லை. சுவடி மரபில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர்.

அதே காலத்தில் மற்றொரு மரபும் வளர்ந்தது. 2002-இல் பெத்தெஸ்டா நிறுவனம் 'மாரோவிண்ட்' என்னும் கதைமாந்தர் விளையாட்டை வெளியிட்டபோது, அதன் உலகைத் திருத்தும் கருவியையும் உடன் வழங்கியது. ஆட்டக்காரர்கள் புதிய ஊர்களையும் பணிகளையும் படைத்தனர். 'மோட்' எனப்படும் இவை பெரும்பாலும் தனிக் கோப்புகள். ஆக்கியோன் பெயரும் விளக்கக் குறிப்பும் உடையவை. மூலத்தின் அருகில் நிற்கும் உரையைப் போன்றவை.

எனினும் தொடக்கத்தில் இவ்வுரைகளும் மூலத்தோடு கலந்துவிட்டன. கோப்புகளை விளையாட்டின் 'டேட்டா' அடைவில் கையால் இட்டபோது, ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, எதை நீக்குவது என்று புலப்படாமற் போனது. 2011-இல் 'ஸ்கைரிம்' வெளிவந்த பின்னர் பரவிய 'மோட் ஆர்கனைசர்' இதற்கு விடை கண்டது. அது ஒவ்வொரு மோடையும் தனி அடைவில் வைத்து, ஆட்டம் இயங்கும்போது மட்டும் ஒன்றாகக் காட்டுகிறது, மூலம் தீண்டப்படுவதில்லை. உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களை மூலத்தில் கலக்காமல் அடிக்குறிப்பில் தந்ததும் இந்த ஒழுக்கமே.

இரு மோடுகள் ஒரே பொருளைத் திருத்தினால், வரிசையில் பின்னர் வருவதே நிலைக்கும். ஆகவே அவ்வரிசையை அமைக்கத் தனிக் கருவிகள் தோன்றின. புதியவருக்கு இன்று சொல்லப்படும் விதிகள் எளியவை: குறிப்பை முழுதும் படித்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுவிச் சோதித்தல், சேமித்த ஆட்டத்திற்குப் படி எடுத்தல், நடுவில் மோடை நீக்காமை. ஒவ்வொரு விதியின் பின்னும் யாரோ ஒருவர் இழந்த நூறு மணி நேர ஆட்டம் இருக்கிறது.

நகல் வட்டோடு இம்மரபிற்குள் நுழைந்தவருக்குத் தடை வேறு. பல மோடுகளுக்கு அடிப்படையான 'ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்போடு மட்டுமே இயங்கும். நகலோ எப்பதிப்பில் உடைக்கப்பட்டதோ அங்கேயே உறைந்துவிட்டது. வழிமுறையைப் பிழையின்றிப் பின்பற்றியும் ஆட்டம் நின்றுபோகும். குற்றம் தம்முடையதென்றே புதியவர் எண்ணுவார்.

2015 இரு வகையில் திருப்புமுனை. ஏப்ரலில் ஸ்டீம் தளம் மோடுகளை விலைக்கு விற்கத் தொடங்கியது. பிறர் உழைப்பைச் சேர்த்திருந்த ஒரு மோடும் விற்பனைக்கு வரவே எதிர்ப்பு மூண்டு, சில நாள்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நவம்பரில் அதே தளம் இந்திய ரூபாயில் விலை அறிவித்தது. மூலப்பதிப்பும் அதன் திருத்தங்களும் தில்லி இளைஞருக்கு எட்டும் தொலைவுக்கு வந்தன.

சந்தையின் பங்கைச் சிறுமைப்படுத்தத் தேவையில்லை. வாயிலைத் திறந்தது அதுவே. அது அளிக்காதவை மூன்று: மாற்றியவர் பெயர், மாற்றத்தின் வரிசை, மூலத்திற்குத் திரும்பும் வழி. இம்மூன்றும் கைவரும்போதுதான் நுகர்வோர் பதிப்பாசிரியர் ஆகிறார்.