விழித்திருக்கும் காதுக்கு ஊதியம் உண்டா? மென்கேப் தீர்ப்பும் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரையின் மறுபாதியும்

பராமரிப்புப் பணியாளர்களின் இரவுத் தங்கல் பணி குறித்துப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 19 அன்று மென்கேப் வழக்கில் அளித்த தீர்ப்பைப் பற்றி எழுதியோர் இரு தரப்பாக நிற்கிறார்கள். நீதிமன்றம் விதியின் சொல்லை உள்ளபடி படித்தது, குறை இருந்தால் அது விதியை எழுதியவர்களுடையது என்பது ஒரு தரப்பு. மற்றொரு தரப்பு தீர்ப்பை அநீதி என்று கண்டிக்கிறது. ஆனால் அந்தச் சட்ட வாசிப்பு தவிர்க்க முடியாதது என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. இரு தரப்புக்கும் பொதுவான இந்த ஒப்புதல் சரிதானா என்பதே என் கேள்வி.

நீதிமன்றம் தன் வாசிப்புக்குப் பெரிய ஊன்றாகக் கொண்டது விதியை மட்டுமன்று; ஜார்ஜ் பெயின் தலைமையிலான குறை ஊதிய ஆணையம் 1998 ஜூனில் வெளியிட்ட முதல் அறிக்கையின் ஒரு சிறு பத்தியையும்தான். அந்தப் பரிந்துரைக்கு இரு பகுதிகள் உண்டு. பணியிடத்தில் உறங்குவதற்காகவே ஊதியம் தரப்படும் மணிகளுக்கு என்ன படி என்பதை, அதுவரை நடந்துவந்ததுபோலவே, பணியாளரும் முதலாளியும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்பது முதற்பகுதி. பணியாளர் விழித்திருந்து, வேலைக்குக் கிடைக்கக்கூடியவராக இருக்க வேண்டிய எல்லா நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் தரப்பட வேண்டும் என்பது இரண்டாவது. நீதிமன்றம் முதற்பகுதியை முழு அளவில் எடுத்துக்கொண்டது. இரண்டாவது பகுதி, தீர்ப்பு முடியும்போது அழைப்புக்கு எழுந்து சென்ற நிமிடங்களாகச் சுருங்கிப்போய்விட்டது.

வழக்கின் விவரங்கள் தெரிந்தவைதான். ஆனால் அவற்றில் சிலவற்றை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான அறநிறுவனம் மென்கேப். கிழக்கு யார்க்‌ஷயரில், ஆட்டிசமும் கடுமையான அறிவுசார் குறைபாடும் கொண்ட இரு ஆண்கள் வாழ்ந்த வீட்டில், அதன் ஊழியர் ஒருவர் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை தங்குவார். படுக்க அவருக்குத் தனியறை உண்டு. குறிப்பிட்டுச் செய்ய வேண்டிய வேலை ஏதும் இல்லை. ஆனால் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது; வெளியேறினால் ஒழுங்கு நடவடிக்கை. இரவு முழுவதும் காதைத் திறந்துவைத்திருக்க வேண்டும். தலையிட வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தம் பணியறிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். இதற்குக் கிடைத்தது 22.35 பவுண்டு, அத்துடன் ஒரு மணி நேர ஊதியமாக 6.70 பவுண்டு, ஆக 29.05 பவுண்டு. 2015 அக்டோபர் முதல் பெரியவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியமும் மணிக்கு 6.70 பவுண்டுதான், ஒன்பது மணிக்கு அது 60.30 ஆகும். (சட்டப்படி இந்தக் கணக்கு ஊதியக் காலம் முழுவதன் சராசரியாகப் பார்க்கப்படும். ஆகவே இந்த ஒப்பீடு தோராயமானது.) வேலைவாய்ப்புத் தீர்ப்பாயமும் அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஊழியர் பக்கம் நின்றன. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது.

தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஓர் எண்ணிக்கை உண்டு: பதினாறு மாதங்களில் ஊழியர் எழுந்து தலையிட நேர்ந்தது ஆறே முறை. வேலை இல்லாத இரவு என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் பதியவைப்பது இதுதான். இது எதை எண்ணிய கணக்கு? எழுந்து போன தடவைகளை. இரவு இரண்டு மணிக்கு அடுத்த அறையில் கதவு திறக்கும் ஓசை கேட்டு விழித்து, பத்து நிமிடம் செவிகொடுத்து, குழாய்த் தண்ணீர் நின்றதையும் காலடி திரும்பியதையும் கேட்டு, போக வேண்டியதில்லை என்று முடிவு செய்த தடவைகள் இதில் இல்லை. சொந்த வீட்டில் வாழவைக்கும் பராமரிப்பு முறையின் நோக்கமே, இயன்றவரை அவர்களைத் தாமாக இருக்க விடுவது. அங்கே போகாமல் இருப்பதும் பராமரிப்புதான். தேவையின்றி அறைக்குள் நுழையும் ஊழியர் தம் கடமையில் தவறுகிறார். ஆக, ஊழியர் எவ்வளவு திறமையாகப் பணியைச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அந்த எண்ணிக்கை குறையும். அதைக் கொண்டு வேலையின் அளவை எடைபோட்டது, என் பார்வையில், இந்த வழக்கின் முதல் வழுக்கல்.

இனி விதி. 1999ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதிய ஒழுங்குவிதிகளிலும் அவற்றுக்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டின் 32ஆம் விதியிலும் அமைப்பு ஒன்றே. பணியிடத்தில் வேலைக்காகக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமாகக் கொள்ளப்படும். ஆனால் ஏற்பாட்டின்படி அங்கே உறங்குபவருக்கு, வேலை செய்வதற்காக விழித்திருக்கும் நேரம் மட்டுமே கணக்கில் வரும். முதன்மைத் தீர்ப்பை எழுதிய லேடி ஆர்டன் இந்தச் சொற்களுக்கு மிகக் குறுகிய பொருள் கொள்கிறார்: விழித்திருந்தால் மட்டும் போதாது, வேலை செய்வதற்காக விழித்திருக்க வேண்டும், அழைப்புக்குப் பதில் தருவது மட்டுமே கடமை என்றால், உண்மையில் பதில் தந்த நேரத்தைத் தவிர மற்றது சேராது. தூக்கம் வராமல் புரள்பவரை விலக்க இந்த வாசிப்பு நன்கு உதவும். செவிகொடுத்துக் கிடப்பவரையும் அது கூடவே விலக்கிவிடுகிறது. இந்த இருவரையும் வேறுபடுத்தும் முயற்சி தீர்ப்பில் இல்லை.

அறிக்கை இங்கேதான் தீர்ப்புக்குத் திரும்பிப் பதில் சொல்கிறது. ஆணையம் வைத்த நிபந்தனைகள் இரண்டே: விழித்திருக்க வேண்டும்; கிடைக்கக்கூடியவராக இருக்க வேண்டிய கட்டாயம் இருக்க வேண்டும். அழைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆணையம் சொல்லவில்லை. அப்படியானால் இரண்டு மணிக்குச் செவிகொடுத்துக் கிடந்த ஊழியர் ஆணையத்தின் அளவுகோலின்படி ஊதியத்துக்கு உரியவர், தீர்ப்பின்படி உரியவரல்லர். பரிந்துரை வேறு, விதி வேறு, விதியே செல்லும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து அமைச்சர் விலகினால் அதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும். பரிந்துரை ஏற்கப்பட்டது, ஆகவே விதி அதைச் செயல்படுத்தவே வந்தது என்பதுதான் அறிக்கைக்கு இத்தனை எடை தந்ததன் நியாயம். இந்த நியாயம் முதற்பகுதிக்குப் பொருந்துமானால் இரண்டாவதற்கும் பொருந்தும். ஒரே பரிந்துரையின் ஒரு பாதியை விதிக்கு உரைகல்லாகவும் மறுபாதியை விதிக்கு அடங்கியதாகவும் கொள்வதற்குத் தீர்ப்பு காரணம் காட்டவில்லை.

இந்த வாதத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இது உறங்கிய நேரத்துக்கு ஊதியம் பெற்றுத் தராது. தங்கல் இல்லங்களில் உறங்குவோரை ஆணையமே தனியாகக் கருதியது. அதை மறைத்து எழுத முடியாது. இரவு முழுவதும் இருப்பதே வேலை என்று வாதிடவும் இடமுண்டு. மெத்தை விரித்து உறங்க அனுமதிக்கப்பட்டிருந்த இரவுக் காவலாளர் ஒருவருக்கு, மாலை 5 முதல் காலை 7 வரையிலான நேரம் முழுவதும் வேலைநேரமே என்று ஸ்காட்லாந்தின் அமர்வு நீதிமன்றம் (Court of Session) முடிவு செய்திருந்தது. மென்கேப் தீர்ப்புக்குப் பின் அது வலுவிழந்துவிட்டது. அதை மீட்பது என் நோக்கமன்று. நான் கோருவது குறைவானது. குறைவானது என்பதாலேயே நீதிமன்றத்தின் சொந்த அடித்தளத்தில் நின்று கோரக்கூடியது.

விழித்துச் செவிகொடுத்த நேரத்தை யார் அளப்பது என்று கேட்பார்கள். இது நடைமுறைக் கேள்வி, சட்டக் கேள்வியன்று. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, குறைவாகவே ஊதியம் தரப்பட்டது என்று தொடக்கத்திலேயே அனுமானித்து, இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பை முதலாளியிடம் விடுகிறது. பராமரிப்புத் துறையோ பதிவேடுகளால் நிறைந்த துறை. இரவுத் தங்கலுக்கான ஊதிய நிலுவையைத் தந்தால் துறையே நொறுங்கிவிடும் என்ற அச்சமும் வழக்கின் போது பெரிதாகப் பேசப்பட்டது. உள்ளாட்சி மன்றங்கள் பராமரிப்புக்குத் தரும் தொகை போதவில்லை என்பது உண்மைதான். அந்தப் பற்றாக்குறையைக் குறைந்த கூலி பெறுவோர் தம் இரவால் ஈடுகட்ட வேண்டும் என்பது அந்த உண்மையிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஐரோப்பிய வழக்குகள் இங்கே துணைநிற்கா என்பதும் தெரிந்ததே. 2003இல் கீல் நகர மருத்துவமனை மருத்துவர் வழக்கில், பணியிடத்தில் உறங்கிய நேரமும் பணி நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2005இல் பிரான்சில் மாற்றுத்திறனாளர் இல்லங்களில் இரவு தங்கும் கல்விப் பணியாளர்களின் வழக்கிலும், அந்த மணிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறை செல்லாது என்றது. ஆனால் அவை ஓய்வு, பணி நேர உச்சவரம்பு பற்றியவை. ஊதியம் பற்றியவை அல்ல. ஒரே இரவு ஓய்வுச் சட்டத்தில் வேலையாகவும் ஊதியச் சட்டத்தில் உறக்கமாகவும் எண்ணப்படுகிறது. ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் அதே இரவு மறுபடியும் வேலை. கடமை முழுதாக நிற்க, உரிமை மட்டும் துண்டாவது எங்கே நிகழ்கிறது என்பதை இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் காணலாம்.

முதற்பகுதியில் வரும் ‘பேசி முடிவு செய்துகொள்ளலாம்’ என்பதற்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: பேசக்கூடிய இரு தரப்பு. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு வேலை விசா திறக்கப்பட்டபின் இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனுக்குச் சென்றார்கள்; தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் அவர்களில் உண்டு. 2025 ஜூலையில் அந்த வாசல் புதிதாக வருவோருக்கு அடைக்கப்பட்டது. உள்ளே இருப்பவரின் தங்கும் உரிமையோ விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியுடன் கட்டுண்டிருக்கிறது. அந்தப் பொறுப்பு விலக்கப்பட்டால் வேறொருவரைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். இவரை இரவுப் படிக்குப் பேரம் பேசும் தரப்பாக 1998இல் ஆணையம் கற்பனை செய்திருக்க முடியாது.

2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், இங்கிலாந்தின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புக்கென ஊதியப் பேச்சுவார்த்தை அமைப்பு ஒன்றை உருவாக்க வழி செய்கிறது. அது வரும்போது இரவுத் தங்கல் படியை ஒரு நிலையான தொகையாக உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். அதற்கு முன், 32ஆம் விதியில் ‘வேலை செய்வதற்காக விழித்திருத்தல்’ என்பதில் செவிகொடுத்திருத்தலும் அடங்கும் என்று ஒரு விளக்க வரியைச் சேர்க்கக் கோரலாம். இரவுப் பதிவேட்டில் ‘கேட்டேன், போகவில்லை’ என்று எழுத ஒரு பத்தி போதும்.