இல்லத்தின் கதவுகள்: இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுடையோர் பராமரிப்பு வரலாறு தரும் படிப்பினை

முன்னுரை

ஆதரவு வேண்டுவோருக்கு இல்லம் அமைத்தல் திருச்சபையின் தொன்மையான பணிகளுள் ஒன்றாகும். அத்தகைய இல்லங்கள் தொடங்கப்பட்ட வரலாற்றை நாம் விரும்பி எழுதுகிறோம். அடிக்கல் நாட்டப்பட்ட நாள், நன்கொடை வழங்கியோர் பெயர், முதற் கண்காணிப்பாளரின் தன்னல மறுப்பு ஆகியவை நூற்றாண்டு மலர்களில் தவறாமல் இடம் பெறுகின்றன. ஆனால் அவ்வில்லங்களில் நாற்பதும் ஐம்பதும் ஆண்டுகள் வாழ்ந்து மடிந்தோர் நாள்தோறும் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை எழுதிவைப்பார் அரியர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறிவுசார் குறைபாடுடைய வயதுவந்தோர் தங்கி வாழ்ந்த இல்லங்களைப் பொறுத்தவரை இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. அங்கு நேர்ந்த கொடுமைகள் முறையாக விசாரிக்கப்பட்டு, அறிக்கைகளாக அச்சிடப்பட்டமையே இதற்குக் காரணம்.

நம் ஏடுகள் நெடுங்காலம் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்று குறிப்பிட்டு வந்தவர்களையே இக்கட்டுரை அறிவுசார் குறைபாடுடையோர் எனக் குறிக்கிறது. இவர்கள் மனநோயாளர் அல்லர். கற்றுக்கொள்வதற்கும் அன்றாட வாழ்வை நடத்துவதற்கும் பிறரினும் மிகுதியான துணை வேண்டுவோர். அத்துணை வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவதால், இவர்கள் வாழும் இல்லம் எத்தகையது என்பதே இவர்களது வாழ்வு எத்தகையது என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 170 ஆண்டு வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகிறது. நிறுவியவரின் அன்போ, கட்டடத்தின் சிறப்போ, செலவிடப்படும் பணமோ ஓர் இல்லத்தைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடுவதில்லை. வெளியாரின் கண் உள்ளே செல்லவும், உள்ளிருப்போரின் குரல் வெளியே கேட்கவும் வழியிருக்கும் அளவுக்கே அது பாதுகாப்பாக இருக்கிறது.

1. ஒரு போதகரின் முயற்சி

இவ்வகை இல்லங்களுள் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றதை நிறுவ முன்னின்றவர் ஒரு போதகரே. கிழக்கு லண்டனில் காங்கிரிகேஷனல் சபையில் பணியாற்றிய ஆண்ட்ரூ ரீட் (1787–1862), அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களை ஏற்கெனவே நிறுவியிருந்தார். பணிவிடுதிகளிலும் பித்தர் விடுதிகளிலும் அடைபட்டும், வீடுகளில் மறைத்துவைக்கப்பட்டும் கிடந்த அறிவுசார் குறைபாடுடையோருக்கென 1847-இல் ஒரு தரும நிறுவனத்தை அவர் தொடங்கினார். 1848-இல் ஹைகேட்டில் ஒரு வீட்டில் பணி தொடங்கியது. 1853-இல் இளவரசர் ஆல்பர்ட் அடிக்கல் நாட்ட, 1855-இல் சரே மாவட்டத்து எர்ல்ஸ்வுட்டில் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது.

ரீட்டின் நோக்கம் அடைத்துவைத்தல் அன்று, கல்வியே. இவர்கள் கற்க இயலாதவர் என்ற அக்காலக் கருத்தை அவர் ஏற்கவில்லை. 1858 முதல் 1868 வரை அங்கு மருத்துவக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் லாங்டன் டவுன் உடல் தண்டனையைத் தடுத்து, தூய்மையையும் கைத்தொழிற் பயிற்சியையும் வலியுறுத்தினார். இன்று அவர் பெயரால் வழங்கும் குறைபாட்டை அவர் 1866-இல் விவரித்ததும் இங்குப் பெற்ற அனுபவத்தினாலேயே. அவ்வில்லத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்பவர் செவிப்புலன் குறைந்தவர். பேச்சும் அரிதாகவே வந்தது. தச்சுக் கலையில் தேர்ந்த அவர், ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் கப்பலின் மாதிரியை நுட்பமாகச் செய்து புகழ் பெற்றார்.

எனினும் தொடக்கத்திலேயே இரு குறைகள் இருந்தன. இலவச இடங்கள் நன்கொடையாளரின் வாக்குகளால் நிரப்பப்பட்டன. ஆகவே இல்லம் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நன்கொடையாளருக்கே. உள்ளே வாழ்ந்தோருக்கு அன்று. இரண்டாவதாக, பயின்றோர் வெளியே சென்று வாழும் வழி நன்கு அமைக்கப்படவில்லை. இளமையில் உள்ளே வந்த புல்லன், திறமையால் எல்லாராலும் பாராட்டப்பட்டும், 1916-இல் எர்ல்ஸ்வுட்டிலேயே உயிர் நீத்தார்.

2. யாருடைய பாதுகாப்பு?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லின் பொருளே மாறிற்று. இவர்களை உலகத்தினின்று காப்பதைவிட, இவர்களிடமிருந்து சமுதாயத்தைக் காப்பதே தேவை என்ற எண்ணம் வலுப்பெற்றது. மரபுவழி பற்றிய தவறான அச்சங்கள் அறிவியல் என்ற பெயரில் பரவின. 1904 முதல் 1908 வரை ஓர் அரச ஆணையம் இதனை ஆராய்ந்தது. அதனைத் தொடர்ந்து 1913-ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பாராளுமன்றத்தில் ஜொசையா வெட்ஜ்வுட் தனி மனிதரின் விடுதலையை முன்னிட்டு இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் சட்டம் நிறைவேறிற்று.

குறைபாடுடையோர் என வகைப்படுத்தப்பட்டவரைக் காலவரையறையின்றி விடுதியில் வைத்திருக்க இச்சட்டம் இடமளித்தது. ஏழையர் நிவாரணம் பெறும்போது திருமணமின்றித் தாயான பெண்ணும் இதன் கீழ்க் கொண்டுவரப்படக் கூடியவரானார். நகரங்களுக்கு அப்பால் பண்ணை நிலங்களின் நடுவே பெரிய குடியிருப்புகள் எழுந்தன. ஆண்களும் பெண்களும் தனித்தனியே வைக்கப்பட்டனர். 1948-இல் தேசிய மருத்துவப் பணி தொடங்கியபோது இக்குடியிருப்புகள் மருத்துவமனைகள் ஆயின. நோயில்லாதவர் நோயாளராகப் பெயர் மாற்றம் பெற்றனர்; வாழ்க்கை முறையில் மாற்றம் ஏற்படவில்லை. 1959-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிற்று.

சிறு எண்ணிக்கையினர் வீடு போன்ற சூழலில் வாழ்ந்தால் விளைவு வேறாக இருக்கும் என்பதை 1958-இல் ஜாக் டிசார்ட் தொடங்கிய புரூக்லண்ட்ஸ் ஆய்வு காட்டிற்று. லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து 16 சிறுவர் சிறுமியர் ஒரு வீட்டுக்கு மாற்றப்பட்டனர். மருத்துவமனையிலேயே தங்கிய, தங்களை ஒத்த பிள்ளைகளைவிட அவர்கள் பேச்சில் தெளிவாக முன்னேறினர். குறைபாடு என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி, வாழ்ந்த இடம் உண்டாக்கியதே என்பது இதனால் விளங்கிற்று.

3. ஈலி: அச்சேறிய உண்மை

1967-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நடந்தவை ஒரு ஞாயிறு இதழில் வெளிவந்தன. அங்குள்ளோர் அடிக்கப்படுவதையும், அவர்களுக்குரிய உணவும் பொருள்களும் களவாடப்படுவதையும் வெளிப்படுத்தியவர் ஒரு சாதாரண உதவிப் பணியாளர். வழக்கறிஞர் ஜெஃப்ரி ஹவ் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் பிரிட்டனின் நிதியமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர் இவரே.

குற்றச்சாட்டுகளுள் பெரும்பாலானவை உண்மை என்று குழு கண்டது. அதனினும் கவனிக்கத்தக்கவை இரண்டு. முன்னர் முறையிட்ட பணியாளர்கள் பாதுகாப்புப் பெறுவதற்கு மாறாகத் துன்புறுத்தப்பட்டனர். மேலும், நிலைமையின் சீர்கேட்டை அமைச்சக அலுவலர்கள் முன்னமே நேரிற்கண்டு குறித்துவைத்திருந்தனர். அக்குறிப்புகள் கோப்புகளில் உறங்கின. அறியாமையால் நேர்ந்த தீங்கன்று இது. அறிந்தவர் அசையாமையால் நீடித்த தீங்கு.

அறிக்கையைச் சுருக்கி வெளியிடலாம் என்ற ஆலோசனை எழுந்தது. அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் அதனை ஏற்காமல் 1969 மார்ச் மாதம் முழு அறிக்கையையும் வெளியிட்டார். அவ்வாண்டே மருத்துவமனைகளைச் சென்று பார்த்து அமைச்சரிடம் நேரடியாக அறிவிக்கும் ஆலோசனைப் பணிக்குழு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1971-இல் வெளிவந்த அரசின் வெள்ளை அறிக்கை, இருபதாண்டுக் காலத்தில் மருத்துவமனை இடங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, ஊர்களுக்குள்ளேயே இல்லங்களைப் பெருக்க வேண்டுமென்றது. ஒரு பணியாளரின் வாய்மொழி ஒரு நாட்டின் கொள்கையையே திருப்பிற்று எனலாம்.

4. நிறுவியவரின் பெயர் காக்கவில்லை

எர்ல்ஸ்வுட்டை விட்டு விலகிய லாங்டன் டவுன், 1868-இல் டெடிங்டன் அருகே நார்மன்ஸ்ஃபீல்ட் என்னும் இல்லத்தை நிறுவினார். வசதியுள்ள குடும்பத்தாரின் பிள்ளைகளுக்கான அவ்வில்லத்தில் பயிற்சியோடு இசையும் நாடகமும் இடம்பெற்றன. 1879-இல் அழகிய நாடக அரங்கமும் திறக்கப்பட்டது. அவர் குடும்பத்தாரே தலைமுறைகளாக அதனை நடத்தினர். 1951-இல் அது தேசிய மருத்துவப் பணியின் கீழ் வந்தது.

அதே நார்மன்ஸ்ஃபீல்டில் 1976 மே மாதம் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். தலைமை மருத்துவரின் அதிகாரப் போக்கின்கீழ் இனிப் பணியாற்ற இயலாது என்பது அவர்கள் கூற்று. 1978-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, பராமரிப்பின் தரம் மிகத் தாழ்ந்திருந்ததையும், மேலதிகாரிகள் பல ஆண்டுகளாக முறையீடுகளைக் கேட்டும் செயற்படாதிருந்ததையும் எடுத்துரைத்தது. ஒரு தலைமுறையின் நற்பண்பு அடுத்த தலைமுறைக்குக் கட்டடத்தோடு சேர்த்துக் கைமாறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எர்ல்ஸ்வுட்டும் நார்மன்ஸ்ஃபீல்டும் 1997-இல் மூடப்பட்டன.

5. சிறிய கட்டடம், பழைய பாவம்

பெரிய மருத்துவமனைகள் மறைந்தவுடன் தீமையும் மறையும் என்று பலர் நம்பினர். 2001-இல் அரசு வெளியிட்ட கொள்கை அறிக்கை உரிமை, தற்சார்பு, தெரிவு, சமுதாயத்தில் பங்கு என்னும் நான்கையும் அடிப்படைகளாக அறிவித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அந்நம்பிக்கை குலைந்தது.

பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள விண்டர்போர்ன் வியூ, 24 பேருக்கான தனியார் மருத்துவமனை. ஒருவருக்கு வாரம் ஒன்றுக்குச் சராசரியாக 3,500 பவுன் அரசுப் பணம் செலுத்தப்பட்டது. எனவே இடம் சிறிது என்றோ, பணம் போதவில்லை என்றோ சொல்ல வழியில்லை. 2010 அக்டோபரில் டெரி பிரையன் என்னும் மூத்த செவிலியர் அங்கு நடந்த கொடுமைகளை நிருவாகத்துக்கு எழுதினார். கண்காணிப்புப் பொறுப்புடைய பராமரிப்புத் தர ஆணையத்துக்கும் தெரிவித்தார். பயன் விளையவில்லை. 2011 மே 31 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி, மறைவாக எடுத்த படங்களை ஒளிபரப்பியபின்னரே நாடு விழித்தது. அம்மருத்துவமனை மூடப்பட்டது. 2012 அக்டோபரில் பணியாளர் 11 பேர் தண்டனை பெற்றனர்; அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர்.

மார்கரெட் ஃபிளின் எழுதிய ஆய்வறிக்கை 2012-இல் வெளிவந்தது. உள்ளூராட்சி, காவல்துறை, மருத்துவமனைகள், ஆணையம் ஆகிய ஒவ்வொன்றிடமும் செய்தியின் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளை இணைத்துப் பார்த்தவர் எவருமிலர் என்பதை அது வெளிப்படுத்திற்று. பார்க்க வந்த உறவினர், தம் பிள்ளைகள் உறங்கிய அறைகளுக்குச் செல்லவும் அனுமதிக்கப்படவில்லை. தகாத இடங்களில் வைக்கப்பட்டுள்ள அனைவரையும் 2014 ஜூன் மாதத்துக்குள் ஊருக்குள் குடியேற்றுவதாக அரசு உறுதி கூறிற்று. அந்நாள் வந்து சென்றது, வாக்குறுதி நிறைவேறவில்லை.

2019 மே மாதம் டரம் மாவட்டத்து வோர்ல்டன் ஹாலில் அதே கதை மறைவுப் படங்களின் வாயிலாகவே மீண்டும் வெளிவந்தது. அவ்விடத்தை ஆணையம் 2017-இல் பார்வையிட்டு ‘நன்று’ எனத் தரப்படுத்தியிருந்தது. குறைகளைச் சுட்டிய 2015-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிடப்படாமலே இருந்தது. ஈலியில் கோப்புகள் உறங்கிய வரலாறு ஐம்பதாண்டுகளுக்குப் பின் திரும்பிற்று. முன்னறிவித்து வருவோரும், ஏடுகளை மட்டும் பார்ப்போரும் உண்மையைக் காண்பது அரிது என்பதை ஆணையமும் உணர்ந்தது. ‘மூடிய பண்பாடு’ என்று அது பெயரிட்ட நிலையின் அடையாளங்களைத் தேடித் தன் ஆய்வு முறையைத் திருத்திக்கொள்ள முற்பட்டது.

6. வரலாறு தரும் அளவுகோல்கள்

இவ்வரலாற்றினின்று ஆயர்களும் இறையியல் மாணவர்களும் பெறத்தக்க அளவுகோல்கள் சில உள.

முதலாவது, தீங்கு ஒரு பொல்லாத மனிதனிடம் தொடங்குவதைவிட, கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் தொடங்குவதே மிகுதி. தனிமை, ஆட்குறைவு, பயிற்சியின்மை, அஞ்சப்படும் தலைமை ஆகியவை கூடுமிடத்தில் நல்லவரும் மரத்துப்போகின்றனர்.

இரண்டாவது, உண்மையை முதலில் கூறுவோர் பெரும்பாலும் தாழ்ந்த படியில் இருப்போர். ஈலியின் உதவிப் பணியாளரும், நார்மன்ஸ்ஃபீல்டின் செவிலியரும் ஆட்சிக்குழு உறுப்பினர் அல்லர். அவர்களை நன்றிகெட்டவர் என்றும் நிறுவனத்தின் நற்பெயரைக் கெடுப்பவர் என்றும் கருதும் ஆட்சிக்குழு, தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது.

மூன்றாவது, உள்ளே வாழ்வோரே தம் வாழ்வுக்கு முதற் சாட்சிகள். பேசவியலாதவரும் முகத்தாலும் உடலாலும் பேசுகின்றனர். எடை குறைதல், விலகி நடுங்குதல், விளக்கமற்ற காயம் ஆகியவை அவர்களின் மொழி. 1980-களில் இங்கிலாந்தில் இவர்கள் தாமே கூடித் தமக்காகப் பேசும் இயக்கங்களை அமைத்தனர். இன்று ஆய்வுக் குழுக்களோடு குறைபாடுடையோரும் சென்று இல்லங்களைப் பார்வையிடுகின்றனர். ரீட் இவர்களுக்குக் கல்வி தேடினார். சாட்சி சொல்லும் தகுதியும் இவர்களுக்கு உண்டென்பதைப் பின்வந்தோர் ஏற்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நான்காவது, மேற்பார்வை என்பது விருந்தினர் அறையில் அமர்ந்து தேநீர் அருந்தித் திரும்புவதன்று. உறங்கும் அறை, உணவுத் தட்டு, குளியலறைக் கதவு, இரவுப் பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் காணாதவர் இல்லத்தைக் கண்டவர் ஆகார்.

முடிவுரை

நல்ல சமாரியன் உவமையில் நாம் பெரும்பாலும் வழியில் நடந்ததையே பிரசங்கிக்கிறோம். சத்திரத்தில் நடந்ததும் அவ்வுவமையின் பகுதியே. காயப்பட்டவனை ஒப்படைத்துப் பணம் கொடுத்த சமாரியன், அத்துடன் தன் கடமை தீர்ந்தது என்று கருதவில்லை. திரும்பி வருவேன் என்றும் சொல்லிச் சென்றான். விண்டர்போர்ன் வியூவுக்குப் பணம் தவறாமல் சென்றது. திரும்பி வந்து பார்த்தவர் எவருமிலர். பிறர் பொறுப்பில் ஒருவரை ஒப்படைக்கும் குடும்பமாயினும், சபையாயினும், அரசாயினும், அவரைக் காண மீண்டும் மீண்டும் செல்லுதலே அவரது பாதுகாப்பின் பெரும்பகுதி என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.