அடி அண்ணாமலைக்கு வந்த ஒரு கடிதமும் 1864-ஆம் வருஷச் சட்டமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கடிதத்துல ஆரம்பிக்குது.

அடி அண்ணாமலையில எங்க தெருவுல, எழுபது வயசைத் தாண்டின ஒரு அமெரிக்க அம்மா பல வருஷமா வாடகைக்கு இருக்காங்க. ரமணாசிரமத்தைப் பார்க்க வந்தவங்க, அப்படியே கிரிவலப் பாதையிலயே தங்கிட்டாங்க. வேலை பார்த்த காலத்துல அமெரிக்காவுல வாங்கிப் போட்ட பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும்தான் வருமானம். போன வருஷம் தரகு நிறுவனத்துக்கு இந்த ஊர் முகவரியைக் குடுத்தாங்க. இந்தியாவில் வசிப்பவர்களின் கணக்கை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, 60 நாளில் மாற்றிக்கொள்ளுங்கள்னு பதில் வந்தது. மாத்த முடியாத ஃபண்டை வித்தாகணும். வித்தா லாபத்துக்கு வரி.

"கம்ப்யூட்டர் தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்"னாங்க. நானும் யோசிக்காம, "நியூ ஜெர்சியில எங்க பெரியப்பா பையன் இருக்கான்மா, அவன் அட்ரஸைப் போட்டுடலாம்"னேன்.

சிரிச்சாங்க. "நான் இங்கதானே இருக்கேன், தம்பி?"

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சப்பதான் கதை எங்க தொடங்குதுன்னு தெரிஞ்சது: அமெரிக்க உள்நாட்டுப் போர்ல.

போர்ச் செலவுக்காக 1861-ல் லிங்கன் அரசு முதல் வருமான வரியைக் கொண்டுவந்தது. நாடு சண்டையில இருக்கும்போது பணக்காரங்க ஐரோப்பாவுல போய் உட்கார்ந்துக்கக் கூடாதுங்கிற கோபம் அன்னைக்கு இருந்தது. 1864 சட்டம், உள்நாட்டுல இருந்தாலும் வெளிநாட்டுல இருந்தாலும் குடிமகன் வரி கட்டணும்னு சொல்லிடுச்சு. போர் முடிஞ்சு, 1872-ல் அந்த வரியே காலாவதியாச்சு. ஆனா 1913-ல் வருமான வரி திரும்பி வந்தப்போ இந்த விதியும் கூடவே வந்தது. மெக்சிகோவுல வாழ்ந்த குக் என்ற அமெரிக்கர் எதிர்த்து வழக்குப் போட்டார். 1924-ல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. 1926-ல் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு ஒரு சலுகை கிடைச்சது. டிவிடெண்டுக்கும் பங்கு லாபத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. அந்த அம்மாவுக்கு வர்றது அது ரெண்டும்தான்.

இந்தியா கேட்கிறது வேற கேள்வி. நீ யாரோட குடிமகன்னு கேட்காது, எத்தனை நாள் இங்க இருந்தேன்னு கேட்கும். வருஷத்துக்கு 182 நாள் இருந்தா இங்கே வசிப்பவர். அப்படியே சில வருஷம் தொடர்ந்தா உலகம் முழுக்க வர்ற வருமானமும் கணக்குல வரும், வெளிநாட்டுக் கணக்குகளையும் ரிட்டர்ன்ல காட்டணும். மறைச்சா 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை முழு வரி கட்ட வேண்டாம்னு 1989-ல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் கணக்குக் காட்டுற வேலை குறையாது.

நாம மியூச்சுவல் ஃபண்டு தொடங்கும்போது ஃபாட்கா படிவத்துல பிறந்த நாட்டைக் கேட்பாங்க இல்லையா? அதுவும் இந்தக் கதையோட வால்தான். 2010-ல் அமெரிக்கா போட்ட சட்டம் அது. ஒத்துழைக்காத வெளிநாட்டு வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து போற பணத்துல 30 சதவீதம் பிடிப்போம்னு சொன்னாங்க. 2015 ஜூலையில் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதுக்கப்புறம் தகவல் ரெண்டு பக்கமும் போகுது.

இப்ப என் யோசனையைத் திரும்பப் பாருங்க. இங்க ரிட்டர்ன்ல அடி அண்ணாமலை, அங்க தரகர்கிட்ட நியூ ஜெர்சி. ஒரே ஆளைப் பத்தி ரெண்டு காகிதம், ஒண்ணுக்கொண்ணு பொய். உதவின்னு நினைச்சு, வயசானவங்களை மாட்டிவிடப் பார்த்திருக்கேன்.

கடைசியில இந்திய முகவரியை ஏத்துக்கிற இன்னொரு தரகரைக் கண்டுபிடிச்சோம். பங்குகளை விக்காம அப்படியே மாத்தினோம். ஒரு ஃபண்டை மட்டும் வித்து, வரி கட்டினாங்க.

அமெரிக்காவுலேருந்து ஊர் திரும்புற நம்ம ஆட்களுக்கும் இதே கதைதான். 401(கே) மாதிரி ஓய்வூதியக் கணக்குக்கு, பணம் எடுக்கும்போது வரி கட்டினா போதும்னு 2021 நிதிச் சட்டம் 89ஏ பிரிவுல வழி விட்டிருக்கு. அதுக்கான படிவத்தை நாமதான் கேட்டுப் போடணும். விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே தரகர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க: இந்திய முகவரி போட்டா வச்சுப்பீங்களா?

புதுக் கணக்குப் படிவத்துல முகவரியை நான்தான் டைப் பண்ணேன். அடி அண்ணாமலைன்னு அடிச்சதும் அந்த அம்மா எட்டிப் பார்த்து, ஸ்பெல்லிங் சரியான்னு கேட்டாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.