குடந்தைச் சமணர் இல்லங்களில் ஒரு மாணவர்

ஆருகத நெறி கூறும் தவங்கள் பன்னிரண்டு. புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு. உண்ணா நோன்பு முதலான புறத்தவங்கள் பிறர் கண்ணுக்குப் புலப்படுவன. விழாக் காலங்களில் நோன்பு நோற்றாரை ஊரே வாழ்த்துகிறது. அகத்தவங்களுள் ஒன்றாகிய சுவாத்தியாயம் அத்தகையதன்று. வீட்டின் ஒரு மூலையில், மாலை விளக்கின் அருகில் அமர்ந்து ஒருவர் நூலோதுவதை யாரும் தவம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் ஆசாரியர் உமாசுவாமி அதனைத் தியானத்தோடு ஒரே வரிசையில் வைத்தார். அதற்கு ஐந்து உறுப்புகளையும் வகுத்தார். அவை ஓதுதல், ஐயம் வினவுதல், கற்றதை உள்ளத்தில் ஊன்றிச் சிந்தித்தல், பிழையறப் பலகால் உருவிடுதல், பிறர்க்கு அறமுரைத்தல் என்பன. இவற்றுள் எதற்கும் வயது வரம்பு கூறப்படவில்லை. பள்ளிப் பருவத்தோடு முடியும் கல்வியைத் தவம் என்று எவரும் அழைத்திருக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் தொடர்வதாலேயே அது தவமாயிற்று.

இந்தத் தவம் தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நடந்த இடம் கும்பகோணம்; காலம் 1880-ஆம் ஆண்டும் அதனை அடுத்த சில ஆண்டுகளும்.

அவ்வாண்டின் தொடக்கத்தில், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் வகித்துவந்த தமிழாசிரியர் பதவியில் உ. வே. சாமிநாதையர் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம், அவர் 1876-இல் மறையும்வரை பாடங்கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்றவர். புராணங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என அவர் கற்றிருந்த நூல்களின் பட்டியல் மிக நீண்டது. அக்கால வழக்கில் அவர் கல்வியை முடித்தவர்; இனிக் கற்பிப்பதே அவர் தொழில்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், குடந்தைக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தம் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அதில் வியப்புக் காட்டவில்லை. அவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயர் அந்நூலைப் படித்ததில்லை. ஒரு தமிழாசிரியருக்கு இது மனத்தைத் தைக்கும் நிலை. கேள்வி கேட்டவர் தமிழ்ப் புலவரல்லர், நீதித்துறை அலுவலர். ஐயர் சினங்கொண்டு விலகியிருக்கலாம். பிற சமய நூல் எமக்கெதற்கு என்று ஒதுக்கியும் இருக்கலாம். அவ்விரண்டையும் செய்யாமல் அந்நூலைக் கற்கத் தொடங்கினார்.

தொடங்கிய பின்னரே இடர்ப்பாடு விளங்கிற்று. திருத்தக்கதேவர் அருளிய சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3,145 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகம் மட்டும் 1868-இல் அச்சாகியிருந்தது. எஞ்சிய பெரும்பகுதி ஏட்டுச் சுவடிகளிலும் கையெழுத்துப் படிகளிலுமே கிடந்தது. நச்சினார்க்கினியரின் உரை துணையிருந்தது உண்மையே. ஆனால் அவ்வுரையாசிரியர் பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். அவை எந்த நூல்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை வேறொன்று. நூலின் உயிராக இருந்த ஆருகத சமயக் கருத்துகள் ஐயருக்கு முற்றிலும் புதியன. கடவுள் வாழ்த்தில் சித்தரும் அருகரும் தனித்தனியே போற்றப்படுவது ஏன்? வினைகள் எட்டு என்பது எவ்வாறு? சமவசரணம் என்பது யாது? இலக்கணமும் அகராதியும் இவற்றுக்கு விடை தாரா. அந்நெறியில் வாழ்வோரிடமே விடை இருந்தது.

ஆகவே ஐயர் குடந்தையில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். அவ்வாறு ஒரு சமணர் இல்லத்தை அடைந்தபோது, வாயிலில் கோலமும் மாவிலைத் தோரணமும் அணிசெய்திருந்தன. வீட்டில் ஏதேனும் மங்கல நிகழ்ச்சியோ என்று விசாரித்தார். அங்குள்ளோர் சிந்தாமணியை ஆறு மாத காலமாகப் படித்து வந்து, அன்று நிறைவு செய்ததைக் கொண்டாடுகிறார்கள் என்ற விடை கிடைத்தது. இச்செய்தியை ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் வியப்போடு பதிந்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். 3,145 பாடல்களை ஆறு மாதத்தில் முடிப்பதாயின், நாளொன்றுக்கு 17 அல்லது 18 பாடல்கள் உரையோடு படிக்கப்பட வேண்டும். அதனைச் செய்தவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர். தேர்வோ பட்டமோ ஊதியமோ அவர்கள் எதிரில் இல்லை. அவர்கள் குடும்பஸ்தர்கள். தமிழ்ப் புலமை உலகம் ஏறத்தாழ மறந்திருந்த ஒரு காப்பியம், அவ்வீடுகளில் நாள்தோறும் ஓதப்படும் நூலாக உயிரோடிருந்தது. அதனைக் காத்தது அரண்மனையன்று, பல்கலைக்கழகமும் அன்று. இல்லறத்தார் விடாது செய்துவந்த சுவாத்தியாயமே அதனைக் காத்தது.

வீடூர் அப்பாசாமி நயினார், குடந்தைச் சந்திரநாத செட்டியார் முதலானோர் ஐயருக்கு அறிமுகமாயினர். திண்டிவனத்தை அடுத்த வீடூர் தமிழ்ச் சமணரின் தொன்மையான ஊர்களுள் ஒன்று. ஐயர் பகலில் கல்லூரியில் ஆசிரியர். ஓய்ந்த வேளைகளில் இப்பெரியோர்முன் மாணவர். ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொண்டு போய்க் கேட்டார். அவர்களும் சலிப்பின்றி விடை கூறினர். சமயக் கோட்பாடுகளையும் கதைகளையும் விளக்கினர்; மணிப்பிரவாள நடையிலமைந்த ஸ்ரீபுராணம் போன்ற நூல்களை அறிமுகம் செய்தனர். கேட்பவர் சைவர், தம் நெறியைச் சாராதவர் என்ற எண்ணம் அவர்களைத் தடுக்கவில்லை. சாத்திர தானம் பெறுவோரின் குலம் பார்த்துச் செய்வதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவருடைய இடையறாத ஆர்வத்தைக் கண்டு, அவரை ‘பவ்ய ஜீவன்’ என்றே அவர்கள் கருதிப் பேசினர். வீடுபேற்றுக்குரிய தகுதி வாய்ந்த உயிரை வழங்கும் அச்சொல்லைவிடப் பெரிய பட்டம் அவர்களிடம் வேறில்லை.

இத்தகைய கல்விக்குச் சிந்தாமணி வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மதுரையைச் சார்ந்த நச்சினார்க்கினியரும் சைவரே. அவர் முதலில் சிந்தாமணிக்கு எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை என்றும், அதன்பின் அவர் சித்தாமூருக்குச் சென்று சமணரோடு தங்கி ஆருகத நூல்களை முறையாகப் பயின்று, புதிதாக ஓர் உரை எழுதினார் என்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது. தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் உரை கண்ட பேராசிரியர், எழுதி முடித்த உரையை ஒதுக்கிவைத்து மீண்டும் மாணாக்கராக அமர்ந்தார் என்பதே அச்செய்தியின் சாரம். ஜினகாஞ்சி மடம் விளங்கும் மேல்சித்தாமூரில் இன்றும் இவ்வரலாறு பெருமையோடு நினைக்கப்படுகிறது. பெருமை இருவருக்கும் உரியது. கற்க வந்தவரின் பணிவு ஒரு பங்கு. பிழையைப் பிழை என்று சொல்லி, திருத்தமும் கற்பித்த சமணரின் புலமை மற்றொரு பங்கு.

ஐயர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1887-இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சிட்டார். அந்த உரையிலிருந்த மேற்கோள்களே அவரைச் சங்க நூல்களின்பால் இழுத்தன. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என அடுத்தடுத்துப் பழந்தமிழ் நூல்கள் வெளிவந்தன. 1898-இல் மணிமேகலையைப் பதிப்பிக்க வேண்டி, சிந்தாமணிக்குச் சமணம் கற்றது போலவே பௌத்தத்தையும் கற்றார். அதற்கு உடன்பணியாற்றிய பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் துணைநின்றார்.

சிந்தாமணியையும் அவர் ஒருமுறை அச்சிட்டதோடு விட்டுவிடவில்லை. 1907-இல் இரண்டாம் பதிப்பும், 1922-இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. முதற்பதிப்பின்போது 32 வயதினர். மூன்றாம் பதிப்பின்போது 67 வயதினர். இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைத்த சுவடிகளையும் புதிதாக விளங்கிய பொருளையும் கொண்டு, முன்செய்த வேலையைத் தாமே மறுபடி ஆராய்ந்தார். கொங்குவேளிரின் பெருங்கதை 1924-இல் வந்தது. 1937-இல் குறுந்தொகையைத் தம் உரையோடு வெளியிட்டபோது அவருக்கு வயது 82. ஒரு சந்திப்பில் எழுந்த கேள்வி ஒன்று அறுபதாண்டுக் கல்வியாக வளர்ந்தது.

கற்க வந்தவரின் வரலாறு இவ்வாறிருக்க, தமிழ்ச் சமணரிடையேயும் இத்தவம் புதிய வடிவங்களில் தொடர்ந்தது. தத்துவப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் மேலைத் தத்துவத்தையும் ஆங்கிலத்தையும் கற்றவர். அக்கல்வியைக் கொண்டு தம் முன்னோர் நூல்களை அணுகினார். குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கில விளக்கத்தோடு 1920-இல் வெளியிட்டார். வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தை 1923-இலும், நீலகேசியை அதன் பழைய உரையோடு 1936-இலும் பதிப்பித்தார். சமயசாரத்தின் ஆங்கிலப் பதிப்பு 1950-இல் வந்தது. முதல் நூலுக்கும் இதற்கும் இடையே 30 ஆண்டுகள். அவர் தேர்ந்தெடுத்த நீலகேசியோ வினவுதலையே உயிராகக் கொண்ட நூல். அதன் தலைவி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிந்து வாதிடுகிறாள். பிறர் கொள்கையை நன்கு கற்றாலன்றி அத்தகைய வாதம் இயலாது.

சுவாத்தியாயத்தின் ஐந்து உறுப்புகளும் இவ்வரலாற்றில் ஒருங்கே காணக்கிடக்கின்றன. குடந்தைக் குடும்பத்தினர் ஆறு மாதம் செய்தது ஓதுதல். ஐயர் குறிப்பேட்டோடு சென்றது வினவுதல். நச்சினார்க்கினியர் தம் உரையையே மாற்றியது சிந்தித்தல். மூன்று பதிப்புகளாகப் பிழை களைந்தது உருவிடுதல். அப்பாசாமி நயினாரும் சந்திரநாத செட்டியாரும் செய்தது அறமுரைத்தல். இவ்வைந்தில் ஒன்று அற்றிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். சிறப்பாக, முதலாவது அற்றிருந்தால் ஏனைய நான்கும் நிகழ்ந்திரா. ஐயர் கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்தோர் சிந்தாமணியைப் பேழையில் வைத்துப் பூசித்தவர்களாக மட்டும் இருந்திருந்தால், அவர் மரியாதையாக வரவேற்கப்பட்டு, விடையின்றித் திரும்பியிருப்பார். அன்று தமிழுலகம் இழந்திருக்கக்கூடியது ஒரு காப்பியம் மட்டுமன்று.

இன்றும் அவ்வாறான கதவுகள் தட்டப்படுகின்றன. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமண ஊர்களுக்கு வருகிறார்கள். மலைக்குகைப் படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் காண வருவோர் அருகிலுள்ள சமணர் இல்லங்களில் விவரம் கேட்கிறார்கள். வெளியாரைவிட முதன்மையான வினாக்கள் வீட்டுக்குள்ளேயே எழுகின்றன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வளரும் பேரப்பிள்ளைகள், இரவில் உண்ணாமை ஏன், சித்தர் யார், அருகர் யார் என்று கேட்கிறார்கள். வழக்கம் அது என்று மட்டும் சொல்லும் வீட்டில் அடுத்த தலைமுறை மறுபடி கேட்பதில்லை. தெரியாததைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம் என்று பாட்டனார் எழுந்து நூலை எடுக்கும் வீட்டில், கேள்வி கல்வியாகிறது.

அதற்குப் பெரும்புலமை முன்தேவையன்று. கிரந்த எழுத்தை ஐம்பது வயதிலும் கற்கலாம். அதைக் கற்றவர் வீட்டுப் பரணிலுள்ள சுவடி பேசத் தொடங்கும். சிந்தாமணியை நாளொன்றுக்குப் பத்துப் பாடல் வீதம் படித்தால் ஓராண்டுக்குள் முடிவுறும். நான்கு குடும்பங்கள் வாரம் ஒருநாள் ஜினாலயத்தில் கூடினாலும் ஸ்ரீபுராணத்தை முறையாகப் படித்துவிடலாம். திருமணத்துக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் தோரணம் கட்டுவது எல்லோர்க்கும் உள்ள வழக்கம். நூலொன்று படித்து நிறைவுற்றதற்காகத் தோரணம் கட்டியது குடந்தைச் சமணர் வீடு. அவ்வழக்கம் ஊருக்கு ஓரில்லத்திலேனும் மீளுமானால், அடுத்து வந்து கதவைத் தட்டுபவர் விடையோடு திரும்புவார்.